பேஸ்பால் விளம்பர அட்டைகளும் சேகரிப்போர் பார்வையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது முப்பது ஆண்டுகளில், அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சிற்றூர்க் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. நூல்கண்டோ, சோப்போ, காலணியோ வாங்கியவர் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கடைக்காரர் ஒரு சிறு வண்ண அட்டையையும் அவர் கையில் தருவார். ஏறத்தாழ மூன்று அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் கொண்ட அட்டை அது. முன்பக்கத்தில் ஒரு படம். பின்பக்கத்தில் கடையின் பெயரும் சரக்கின் புகழும். அதற்கு விலையில்லை. வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிள்ளைகள் அதைப் பசை தடவி ஒரு புத்தகத்தில் ஒட்டினர். இன்று அதே அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகிறது. படத்தில் பேஸ்பால் ஆட்டக்காரன் ஒருவன் இருந்துவிட்டால் அதன் விலை, பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த பூனைக்குட்டிப் படத்தின் விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. இந்த உயர்வினால் அட்டைக்குக் கிடைத்தது என்ன, அது இழந்தது என்ன என்பது ஆராயத்தக்கது.

பேஸ்பால் ஆட்டம் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளித் திடல்களில் ரவுண்டர்ஸ் ஆடியவர்கள் அதன் நெருங்கிய உறவினை அறிவார்கள். ஒருவர் பந்தை வீச, ஒருவர் மட்டையால் அடித்துவிட்டு, வரிசையாக அமைந்த நிலைகளைத் தொட்டு ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கத்தார் விதிகளை எழுதிவைத்தபோது அது ஓய்வுள்ள கனவான்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1869இல் சின்சினாட்டி நகரின் சிவப்புக் காலுறை அணியினர் வெளிப்படையாகவே ஊதியம் பெற்று ஆடினர். 1876இல் தேசிய லீக் தோன்றியது. ஒரு தலைமுறைக்குள் விளையாட்டு தொழிலாயிற்று. தொழிலானதும் அது விளம்பரத்துக்குப் பயன்படத் தொடங்கிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது நலம். பேஸ்பால் அட்டை என்றதும் பலர் நினைவுக்கு வருவது சிகரெட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஆட்டக்காரர் படம். குட்வின் நிறுவனம் 1886 முதல் 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட்டுடன் அளித்த புகைப்பட அட்டைகளும், ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனம் 1887இல் வெளியிட்ட வண்ண அட்டைகளும் அவ்வகையின. அவற்றில் இருப்பவர் பெயருள்ள ஓர் ஆட்டக்காரர். அட்டையைத் தேடுவோர் அவர் முகத்தைத் தேடுகின்றனர். கடைக்காரர் கொடுத்த வணிக விளம்பர அட்டையில் பெரும்பாலும் அத்தகைய முகமே இல்லை. அதில் ஆடுபவன் யாரோ ஒருவன், சிலவற்றில் சிறுவன், சிலவற்றில் தவளை அல்லது குரங்கு. இரண்டு வகைக்கும் இடையே நிற்கும் அட்டைகளும் சில உண்டு. நியூயார்க்கில் விளையாட்டுப் பொருள் விற்ற பெக் அண்டு ஸ்னைடர் கடையார் 1869இல் சின்சினாட்டி அணியின் புகைப்படத்தை அட்டையில் ஒட்டிப் பின்புறம் தம் கடையை விளம்பரப்படுத்தினர். அதையே முதல் பேஸ்பால் அட்டை என்று சேகரிப்போர் பலர் கொண்டாடுகின்றனர். அப்படத்திலுள்ள அணித்தலைவர் ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். முதல் அட்டையின் நாயகரே கடல் கடந்து வந்தவர் என்பதைக் கொண்டாடுவோர் அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை.

இவ்வட்டைகள் பெருகியதற்கு அடிப்படை, வண்ணக் கல்லச்சு. செனஃபெல்டர் 1796ஆம் ஆண்டளவில் பவேரியாவில் கண்டறிந்த கல்லச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய இயல்பை அடிப்படையாகக் கொண்டது. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கரியினால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால் வரைந்த கோட்டில் மட்டும் மை பற்றும். 1837இல் எங்கெல்மன் இம்முறையைப் பல வண்ணங்களுக்கு விரித்து உரிமம் பெற்றார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே தாள் எட்டுக் கற்களையோ பத்துக் கற்களையோ கடந்து வரவேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் கன்னத்துச் சிவப்பு காதில் ஏறிவிடும். மலிவான அட்டைகளில் அப்படி ஏறியிருப்பதையும் காணலாம். நீராவி அச்சுப்பொறி வந்தபின் இந்த வேலை விரைவும் மலிவும் அடைந்தது. பிரெஸ்லாவில் பிறந்து பாஸ்டனில் குடியேறிய லூயி பிராங் போன்றோர் 1870களில் மலர்ப்படங்கள் கொண்ட வணிக அட்டைகளைச் சிறப்பாக அச்சிட்டு வழிகாட்டினர். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் பல நிறுவனங்கள் அட்டைகளை வாரி வழங்கின. அதற்கு முன் சுவரில் மாட்ட ஒரு வண்ணப் படமும் இல்லாத குடும்பங்கள் ஏராளம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வாயிலாக இலட்சுமியும் சரசுவதியும் இந்திய இல்லங்களின் சுவர்களுக்கு வந்ததும் இதே கல்லச்சினால்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், வண்ணம் என்னும் ஒன்றே எத்தகைய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

பேஸ்பால் அட்டைகளின் கலைத்தரம் பற்றிச் சேகரிப்போர் நூல்களில் மிகையான புகழுரைகள் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. பல படங்கள் அவசரத்தில் வரையப்பட்டவை. அவற்றின் நகைச்சுவை பெரும்பாலும் சிலேடையை நம்பியது. உயரப் பறக்கும் பந்துக்கும் ஈக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். எல்லைக்கு வெளியே விழும் பந்தைக் குறிக்கும் சொல்லும் கோழியைக் குறிக்கும் சொல்லும் செவிக்கு ஒன்றே. எல்லா நிலைகளையும் சுற்றிவந்து ஓட்டம் எடுப்பதற்கும் வீட்டுக்கு ஓட்டம் பிடிப்பதற்கும் ஒரே தொடர் போதும். இத்தகைய இரட்டைப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு ஓவியர் ஒரு காட்சியை அமைப்பார். நாய் துரத்துகிறது, சிறுவன் ஓடுகிறான், கீழே ஆட்டத்தின் கலைச்சொல் ஒன்று. நம் மேடைப் பேச்சாளர் சிலரின் சிலேடைகளைப் போலவே முதல் முறை சிரிக்க வைக்கும். இரண்டாம் முறை பொறுத்துக்கொள்ள வைக்கும்.

ஆயினும் இந்த எளிய சிரிப்பில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. கலைச்சொல்லை வைத்துச் சிலேடை செய்ய வேண்டுமானால் பார்ப்பவருக்கு அக்கலைச்சொல் தெரிந்திருக்க வேண்டும். நூல்கண்டு வாங்க வந்த பெண்ணுக்கும் அது தெரியும் என்று அச்சகத்தார் நம்பினர். ஆட்டத்தின் மொழி ஆட்டக்களத்தை விட்டு அடுக்களை வரை சென்றுவிட்டது என்பதற்கு எந்தப் பத்திரிகைச் செய்தியையும்விட இவ்வட்டைகளே வலிய சான்று.

வரைந்தவர் பெயர் பெரும்பாலான அட்டைகளில் இல்லை. மூலையில் அச்சகத்தின் பெயர் சில வேளைகளில் காணப்படும். பாஸ்டனில் பஃபர்டு என்பாரின் கல்லச்சகத்தில்தான் பின்னாளில் பெரும் ஓவியராகப் புகழ்பெற்ற வின்ஸ்லோ ஹோமர் 1850களின் நடுவில் தொழில் பழகினார்; அவ்வேலையை அவர் விரும்பவில்லை. அத்தகைய அச்சகங்களில் ஹோமராக வளராமலே ஆயுளைக் கழித்த எண்ணற்ற கைகளின் உழைப்பே இந்த அட்டைகள். 1887ஆம் ஆண்டையொட்டி டோபின் என்னும் நியூயார்க் கல்லச்சகத்தார் வெளியிட்ட பத்து அட்டைகள் கொண்ட வரிசை, ஆன்சன், கெல்லி முதலிய உண்மையான ஆட்டக்காரர்களைப் பெருந்தலையும் சிறு உடலுமாகக் கேலிச் சித்திரமாக்கியது. அதில் வரைகோட்டின் உறுதி தெரிகிறது. பெயரில்லாத படங்களில் காணாத ஓர் உற்சாகமும் தெரிகிறது. சேகரிப்போர் அதை உயர்வாக மதிப்பது நியாயமே. ஆனால் அவர்கள் மதிப்பது வரைகோட்டையா, ஆன்சன் என்ற பெயரையா என்பது ஐயத்துக்குரியது.

அட்டையை ஆவணமாகப் படிப்போரும் உளர். பந்து வீசுபவர் கையைத் தாழ்த்தி வீசுகிறாரா, தோளுக்கு மேல் வீசுகிறாரா என்று பார்ப்பர். ஏனெனில் தோளுக்கு மேல் வீசுவதைத் தேசிய லீக் 1884இல்தான் அனுமதித்தது. மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் கம்பி முகமூடி அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் தேயர் அதற்கு உரிமம் பெற்ற ஆண்டு 1878. கையுறை இருக்கிறதா என்று பார்ப்பர். 1880களில் பலர் வெறுங்கையாலேயே பந்தைப் பிடித்தனர். இவ்வாறு காலத்தைக் கணிப்பது அறிவுக்கு இன்பம் தருவதே. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. கல்லில் வரைந்தவர் களத்துக்குப் போனவர் என்பதற்கு உறுதியில்லை. பழைய படத்தைப் பார்த்துப் புதிய படம் வரைவது அச்சகங்களில் இயல்பு. முகமூடி இல்லை என்பதனால் மட்டும் ஓர் அட்டையை 1878க்கு முந்தியதென்று சொல்வது, கோயில் சிற்பத்தில் செருப்பில்லை என்பதனால் அக்காலத்தார் செருப்பே அணியவில்லை என்று சொல்வதை ஒக்கும்.

இவ்வட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிய தனித்தன்மை வேறிடத்தில் உள்ளது. அச்சகத்தார் ஒரு படத்தை ஆயிரக்கணக்கில் அடித்து, ஓரிடத்தை வெறுமையாக விட்டுவைப்பர். ஊர்தோறும் உள்ள கடைக்காரர்கள் அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கி, உள்ளூர் அச்சுக்கூடத்தில் கறுப்பு மையால் தம் பெயரைப் பொறித்துக்கொள்வர். ஆகவே ஒரே மட்டையாளர் ஓர் ஊரில் அடுப்பு விற்பார். இன்னோர் ஊரில் தொப்பி விற்பார். மூன்றாவது ஊரில் இருமல் மருந்து விற்பார். படத்தின் வண்ணம் பெருநகரத்தது. பொறித்த எழுத்தோ சிற்றூரது, கோணலானது, சில வேளைகளில் எழுத்துப் பிழையுள்ளது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அட்டையின் பொருள் பிறக்கிறது. பந்து பிடிக்கத் தவறி விழுந்து கிடக்கும் ஆட்டக்காரனின் தலைமேல் பல் மருத்துவர் பெயரைப் பொறித்தால் அது ஒரு கதை. காலணிக் கடையின் பெயரைப் பொறித்தால் வேறொரு கதை. அந்தக் கதையைத் தேர்ந்தவர் ஓவியரல்லர்; நூறு அட்டை வாங்கிய கடைக்காரர். அவரும் இப்படைப்பில் பங்காளி.

சேகரிப்போர் பட்டியல்கள் இந்தப் பங்காளியைக் கண்டுகொள்வது அரிது. ஒரு வரிசையில் எத்தனை படங்கள், அவற்றில் எத்தனை கையில் உள்ளன என்பதே அவற்றின் கணக்கு. மட்டையாளர் படம் ஒன்று கிடைத்துவிட்டால் அந்த இடம் நிறைந்தது. அடுப்புக்கடைப் பெயரோடு இருந்தாலும் ஒன்றே, தொப்பிக்கடைப் பெயரோடு இருந்தாலும் ஒன்றே. பெயரே பொறிக்கப்படாத வெற்று அட்டையைத் தூய்மையானது என்று விரும்புவோரும் இருக்கின்றனர். யாருக்கும் கொடுக்கப்படாமல் அச்சகத்தின் மாதிரிக்கட்டில் தங்கிவிட்ட அட்டை அது. திருமணம் ஆகாத அழைப்பிதழை ஒருவர் போற்றிப் பாதுகாப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

இதனினும் பெரிய இழப்பு ஒட்டுப்புத்தகங்களுக்கு நேர்ந்தது. 1880களில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் இவ்வட்டைகளைப் புத்தகங்களில் ஒட்டி அழகுபடுத்துவது நாடெங்கும் பரவிய பழக்கம். ஒரு பக்கத்தில் எதை நடுவில் வைப்பது, எதை நான்கு மூலைக்கு அனுப்புவது, ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் பந்தடிப்பவனை வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் ஒட்டியவரின் தீர்மானம். கடைகளில் வீசி எறியப்பட்ட விளம்பரம் அங்கே ஒரு சிறுமியின் கைவண்ணமாயிற்று. எலன் கார்வி 1996இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இப்புத்தகங்களை அவற்றைத் தொகுத்தவர்களின் படைப்பாகவே படித்துக் காட்டினார். ஆனால் அதற்குள் எத்தனையோ புத்தகங்கள் வெந்நீர்த் தொட்டியைக் கண்டுவிட்டன. வணிகர்கள் பக்கங்களை நீரில் ஊறவைத்து அட்டைகளை உரித்தெடுத்தனர். பேஸ்பால் ஒரு குவியல், பூனை ஒரு குவியல், கிறிஸ்துமஸ் ஒரு குவியல். முழுப்புத்தகம் ஒரு விலை என்றால் பிரித்த அட்டைகள் இரண்டு விலை. விற்றவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வாங்கியவர் பேஸ்பாலை மட்டுமே கேட்டார்; அவர் கேட்டதைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். ஓர் அட்டையின் முதுகில் கறுப்புத்தாள் துணுக்கு ஒட்டியிருந்தால் சேகரிப்போர் அதைக் குறை என்று எழுதுகின்றனர். ஒரு வீட்டில் அது பார்த்து மகிழப்பட்டது என்பதற்கு எஞ்சிய ஒரே சான்று அந்தத் துணுக்குத்தான்.

இவ்வகையில் ஜெஃபர்சன் பர்டிக் தனித்து நிற்பவர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த அவர் செல்வந்தரல்லர்; மூட்டுவாதத்தால் உடல் முடங்கியவர்; மணமாகாதவர். 1939இல் அவர் வெளியிட்ட அட்டைப் பட்டியல், பின்னர் 'அமெரிக்க அட்டைப் பட்டியல்' என்னும் பெயரில் விரிந்து, இத்துறைக்கே இலக்கணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி', வணிக விளம்பர அட்டைக்கு 'எச்' என்று அவர் இட்ட எழுத்துக்களையே இன்றும் ஏலக்காரர்கள் வழங்குகின்றனர். மேலே கூறிய டோபின் வரிசை எச்891. பேஸ்பால் கேலிச் சித்திரங்கள் பல எச்804. இலக்கணம் வகுப்பதில் உள்ள தீமையும் அதனுடனே வந்தது. எண் பெற்றது இருப்பதாயிற்று. எண் பெறாதது இல்லாததாயிற்று. கடைக்காரர் பெயருக்கு அவர் எண் இடவில்லை.

ஆயினும் பர்டிக்கைச் சந்தைக் கண்ணால் அளப்பது பெருங்குற்றமாகும். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தம் அட்டைகளை, பேஸ்பால் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கே அவர் வழங்கிவிட்டார். 1947 முதல் அவற்றைத் தந்து வந்ததோடு, அங்கேயே அமர்ந்து வளையாத விரல்களால் ஆல்பங்களில் தாமே ஒட்டினார். சோப்பு அட்டையையும் மிட்டாய் அட்டையையும் காதலர் நாள் வாழ்த்தையும் ஒரே பொறுமையோடு ஒட்டினார். 1963 சனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். பசையால் ஒட்டி மதிப்பைக் கெடுத்துவிட்டார் என்று அங்கலாய்க்கும் சேகரிப்போர் உண்டு. உண்மையில் அவர் செய்தது 1880களின் சிறுமி செய்ததையே. பசை பட்டதனால் அவை சந்தைக்குத் திரும்பா. கலைக்கூடத்தில் இருப்பதனால் எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சந்தையோ வேறு வழியில் சென்றது. 1990களில் அட்டைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டுப் பிளாஸ்டிக்கில் முத்திரையிடும் நிறுவனங்கள் பெருகின. மூலை கூர்மையா, படம் நடுவில் உள்ளதா, மடிப்பு உண்டா என்பவை அளவுகோல்கள். 2022இல் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் புகையிலை அட்டை ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. கடைக்காரர் அட்டைகள் அவ்வுயரத்தை எட்டவில்லை. முகமும் பெயரும் இல்லாதவற்றுக்கு அவ்வளவு விலை கொடுப்பாரில்லை. அது ஒரு வகையில் நன்மையே. ஆனால் அளவுகோல் மட்டும் அங்கிருந்து இங்கே வந்துவிட்டது. பையில் மடித்துச் செல்வதற்கென்றே பிறந்த அட்டையிடம் மடிப்பு இருக்கக்கூடாது என்று கேட்கின்றனர்.

இதுவரை கூறியவை எல்லாம் இழப்புக் கணக்கே. இனிக் கூறவேண்டியது கசப்பானது. பேஸ்பால் விளம்பர அட்டைகளில் ஒரு பகுதி, கறுப்பின மக்களைக் கேலி செய்பவை. பருத்த உதடும் உருளும் கண்ணும் பொருந்தாத உடையுமாக அவர்களை வரைந்து, மட்டையைப் பிடிக்கத் தெரியாதவர்களாய், ஒருவர்மேல் ஒருவர் விழுபவர்களாய்க் காட்டும் படங்கள் அவை. புகழ்பெற்ற கரியர் அண்டு ஐவ்ஸ் அச்சகத்தார் தாமஸ் வொர்த் என்பாரைக் கொண்டு 'டார்க்டவுன்' என்னும் தலைப்பில் வெளியிட்ட கேலிப்பட வரிசை 1880களில் பெருவாரியாக விற்றது. அதில் பேஸ்பாலும் ஒரு பொருள். அதே அச்சில் வார்த்த கேலி, கடைகளின் இலவச அட்டைகளிலும் இடம்பெற்றது.

இப்படங்கள் வந்த ஆண்டுகளை நோக்க வேண்டும். 1884இல் ஓபர்லின் கல்லூரியில் பயின்ற மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் டொலீடோ அணியின் கேட்சராக அமெரிக்கன் அசோசியேஷன் என்ற முதன்மை லீக்கில் ஆடினார். தம் காலத்துக் கேட்சர்கள் பலரையும்போல வெறுங்கையால் பந்தைப் பிடித்தார். 1887 சூலை 14ஆம் நாள் இன்டர்நேஷனல் லீக்கின் இயக்குநர்கள் கூடிக் கறுப்பின ஆட்டக்காரருக்குப் புதிய ஒப்பந்தம் அளிப்பதில்லை என்று தீர்மானித்தனர். அதே நாளில் நியூவார்க்கில் சிகாகோ அணியுடன் நடந்த ஆட்டத்தில், கறுப்பினப் பந்து வீச்சாளர் ஜார்ஜ் ஸ்டோவி களமிறங்கவில்லை. அவரோடு ஆட மறுத்தவர் சிகாகோவின் தலைவர் கேப் ஆன்சன். டோபின் வரிசையில் பெருந்தலையோடு சிரிக்க வைக்கும் அதே ஆன்சன்தான். ஆட முடிந்தவர்களைக் களத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, ஆடத்தெரியாதவர்கள் என்று அவர்களைக் காட்டும் அட்டைகள் சோப்போடும் நூலோடும் வீடுகளுக்குச் சென்றன. ஒன்று மற்றொன்றை ஏவிற்று என்று கூறுவதற்கில்லை. ஆனால் கதவைச் சாத்துபவருக்கு அந்தச் சிரிப்பு எத்துணை வசதியாக இருந்திருக்கும்!

ஆன்சனின் பயணம் தமிழ் நிலத்துக்கு அருகிலும் வந்தது. விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங், தம் வணிகத்தையும் ஆட்டத்தையும் உலகெங்கும் பரப்பக் கருதி, 1888ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு அணிகளைக் கப்பலேற்றினார். ஆஸ்திரேலியாவிலிருந்து எகிப்துக்குச் செல்லும் வழியில் 1889 சனவரியில் அவ்வணிகள் கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடின. ஓர் அணிக்குத் தலைவர் ஆன்சன். உடன்வந்த ஒரே கறுப்பின அமெரிக்கரான கிளாரன்ஸ் டுவால் ஆட்டக்காரரல்லர். அணிக்கு நற்பேறு தருபவர் என்று கூட்டிவரப்பட்டு, ஊர்வலத்தின் முன்னே கோலைச் சுழற்றி ஆடுமாறு செய்யப்பட்டவர். 1900இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஆன்சன் அவரை இழிந்த சொற்களால் குறிப்பிடுகிறார். அட்டையில் வரையப்பட்ட கேலியுருவத்தை ஓர் உயிருள்ள மனிதன்மேல் போர்த்தி உலகம் சுற்றிக் காட்டினர் எனலாம்.

இவ்வட்டைகளைச் சேகரிப்போர் இருவகையாக நடத்துகின்றனர். ஒருசாரார் அவற்றைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுகின்றனர். வீட்டில் வைக்கக் கூசுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம், அக்கூச்சம் மதிக்கத்தக்கதே. மற்றொரு சாரார் அவற்றைத் தனிப்பிரிவாக்கி, அருமை கருதிக் கூடுதல் விலைக்கு வாங்கி விற்கின்றனர். கறுப்பின அமெரிக்கர்களிலேயே அவற்றைத் தேடி வாங்குவோர் உளர். தம் முன்னோர் எவ்வாறு வரையப்பட்டனர் என்பதற்குச் சாட்சியம் பிறர் கையில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். முதல் இரு சாராரும் வேறு நோக்குடையவரெனினும் செய்வது ஒன்றே: கேலி அட்டையை அதன் அண்டை அட்டைகளிடமிருந்து பிரித்துவிடுகின்றனர். பிரித்தபின் எஞ்சும் பேஸ்பால் தொகுப்பு இனியது. சுருள்முடிச் சிறுவர்கள், மீசைக்காரர்கள், பச்சைப்புல். அப்படியொரு காலம் இருந்ததே இல்லை. ஒரே சிறுமி ஒரே மாலையில் ஒரே பசையால் ரோசாப்பூவையும் சுருள்முடிச் சிறுவனையும் கேலி அட்டையையும் ஒட்டினாள். அவளுக்கு மூன்றும் அழகாகவே தோன்றின. அக்காலத்தைப் பற்றி அந்தப் பக்கம் கூறுவதைத் தனி அட்டை கூறாது. பிரிக்கப்படாத ஒட்டுப்புத்தகம் ஒன்று கிடைக்குமானால் அதன் பேஸ்பால் பக்கங்களுக்காக மட்டும் விலை பேசுவது அறியாமை.

அட்டைகளின் காலம் விரைவிலேயே முடிந்தது. 1885இல் பத்திரிகைகளுக்கான அஞ்சல் கட்டணம் குறைக்கப்பட்டது, இதழ்கள் மலிந்தன, 1890களில் வண்ண விளம்பரங்கள் அவற்றிலேயே வரத்தொடங்கின. கடைக்காரர் கையால் கொடுக்க வேண்டிய தேவை மறைந்தது. நூற்றாண்டு திரும்பியபோது ஒட்டுப்புத்தகங்கள் பரணேறிவிட்டன.

வாக்கர் முதன்மை லீக்கை விட்டபின் சிறு லீக்குகளில் ஆடினார். தீர்மானத்துக்கு முன்பே உள்ளே இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேற, இன்டர்நேஷனல் லீக்கில் கடைசியாக எஞ்சியவர் அவரே. 1889இல் அவரும் விடுவிக்கப்பட்டார். 1946இல் மாண்ட்ரியல் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை அந்த லீக்கில் வேறொரு கறுப்பினத்தவர் ஆடவில்லை. வாக்கர் கடைசியாக ஆடிய அணி சிரக்யூஸ். பின்னொரு நாள் பர்டிக் பகலெல்லாம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இரவில் அட்டைகளைத் தரம்பிரித்த அதே நகரம்.